ஒன்பது கிலோமீட்டர் ஏற்றம்

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி இருக்கும். பாலம் கட்டுகிற இடத்துக்குப் போகும் மலைச்சாலையின் ஆறாவது கிலோமீட்டரில் லாரியின் எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. வெப்பம் காட்டும் முள் சிவப்புக்குள் போய்ப் பத்து நிமிஷம் ஆகியிருந்தது. டிரைவர் அதைப் பார்த்தார். பார்த்தும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் வரிசை போய்விடும், பின்னால் வருகிற லாரிகளெல்லாம் முந்திவிடும், இரண்டாவது நடை கிடைக்காது. இன்னும் மூன்று கிலோமீட்டர்தானே என்று பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தார். ஒரு வாளி ஆணியை யாரோ எஞ்சினுக்குள் கொட்டினாற்போல ஒரு சத்தம். அதற்கப்புறம் சத்தமே இல்லை.

அவர் மனைவி அதே சாலையின் அடிவாரத்தில், ஜல்லி ஆலையின் எடைமேடையில் வேலை பார்த்தாள். லாரி மேடையில் ஏறி நிற்கும். கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து அவள் எடையைத் தட்டி ரசீது கொடுப்பாள். அன்றைக்கு வெறும் வண்டியோடு திரும்பி வந்த ஒரு டிரைவர் ஜன்னலில் குனிந்து, "அண்ணி, உங்க வீட்டுக்காரர் வண்டி மேல மூச்சை விட்டுடுச்சு. அவருக்கு ஒண்ணும் இல்ல. வண்டிக்குத்தான்," என்றார்.

அவள் தலையை ஆட்டிவிட்டு அவருடைய எடையைத் தட்டினாள். எண் தப்பாக விழுந்தது. அழித்துவிட்டு மறுபடி தட்டினாள்.

அவளுடைய கண்ணாடியில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. முந்தின வாரம் அவளே பசை தடவி ஒட்டியது. அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து, பதினான்கு டன் ஏற்றிக்கொண்டு ஒன்பது கிலோமீட்டரையும் நாற்பது நிமிஷத்தில் ஏறும் லாரிகளுக்கு மட்டும் பாலத்து வேலை. மாதம் முடிவதற்குள் ஏறிக் காட்டுகிற வண்டிகளின் பெயரைப் பாலத்துக் கான்ட்ராக்டர் பட்டியலில் எழுதிக்கொள்வார். மற்ற வண்டிகள் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம். அவர்களுடைய லாரி நன்றாக இருந்த நாளிலேயே பதினொரு டன்னுக்கு ஐம்பத்தைந்து நிமிஷம் எடுத்தது. முதல் தேதிக்கு இன்னும் இருபத்தோரு நாள். லாரிக்குத் தவணை இன்னும் பதினான்கு மாதம். டிரைவருக்கு வயது ஐம்பத்தொன்று. வேறு இடம் என்று ஒன்று எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் அவர் நடந்தே வீட்டுக்கு வந்தார். சட்டையைக் கழற்றவில்லை, முகம் கழுவவில்லை. லாரிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எங்க அண்ணன்கிட்ட போறேன்," என்றாள்.

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "வருவாரா?" என்று மட்டும் கேட்டார்.

அவளுடைய அண்ணன் லாரி மெக்கானிக். ஊரில் எல்லோரும் அவரை 'எட்டு' என்று கூப்பிடுவார்கள். இடது கையில் இரண்டு விரல் கிடையாது; மிச்சம் எட்டு. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் இதே லாரியில் குனிந்து ஃபேன் பெல்ட்டைச் சரிசெய்துகொண்டிருந்தபோது டிரைவர் சாவியைத் திருப்பிவிட்டார். "போடுன்னு சொன்னார், போட்டேன்" என்று டிரைவர் சொன்னார். "நான் போடாதேன்னு சொன்னேன்" என்று அண்ணன் சொன்னார். ஒரு சொல்லின் வால் இருந்ததா இல்லையா என்பதில் சொந்தபந்தம் இரண்டாகப் பிரிந்தது. அதற்கப்புறம் மாப்பிள்ளையும் மச்சானும் பேசிக்கொள்ளவில்லை. அவள் மட்டும் இரண்டு வீட்டுக்கும் போய் வந்துகொண்டிருந்தாள், இரண்டு வீட்டிலும் வாயை மூடிக்கொண்டு.

பட்டறையில் அண்ணன் எல்லாவற்றையும் கேட்டார். கையைத் துணியில் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார்.

"வண்டியை இழுத்துட்டு வரச் சொல்லு," என்றார். "நான் வண்டிக்காகச் செய்றேன். அவருக்காக இல்ல."

"எனக்காக?"

"உனக்காகன்னா உன்னை அந்த வீட்டுக்கே குடுத்திருக்க மாட்டேன்," என்றார். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் லாரியைப் பட்டறைக்கு இழுத்து வந்தார்கள். கூரை உத்திரத்தில் அண்ணனின் செயின் பிளாக் தொங்கியது. அந்தச் சங்கிலியைக் கையால் இழுத்தே அரை டன் எடையைத் தூக்கலாம். அண்ணன் இழுக்க இழுக்க எஞ்சின் அங்குலம் அங்குலமாக மேலே வந்து, எண்ணெய் சொட்டிக்கொண்டு காற்றில் நின்றது. அதைப் பிரித்துப் போட இரண்டு நாள் ஆனது. மூன்றாவது பிஸ்டன் தன் குழாய்ச் சுவரோடு ஒட்டி, உரித்த பழம்போலக் கீறிக் கிடந்தது. கிராங்க் ஷாஃப்ட்டில், பிஸ்டன்கள் எல்லாம் சேர்ந்து சுற்றுகிற அந்தப் பெரிய தண்டில், பேரிங் உருகி ஒட்டியிருந்தது.

அண்ணன் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து தங்கையைப் பார்த்து, அவளுக்குப் பின்னால் நிற்கிறவருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"பழையபடியே கட்டினா பழைய வேலைதான் செய்யும். நாற்பது நிமிஷத்துல ஏறாது. ஏறணும்னா டர்போ வைக்கணும். வெளிய போற புகை இருக்குல்ல, அது ஒரு சின்னக் காத்தாடியைச் சுத்தும். அந்தச் சுத்துல இன்னொரு காத்தாடி உள்ள காத்தைத் திணிக்கும். அதே எஞ்சின் ஒன்றரை எஞ்சினா ஆயிடும். ஆனா சூடும் ஒன்றரை மடங்கு. பிஸ்டன் வேற போடணும், ரேடியேட்டர் பெருசாக்கணும்."

"புதுசா வாங்க நம்மகிட்ட ஒண்ணும் இல்ல அண்ணா."

"புதுசு யார் சொன்னா. பிஸ்டனும் ரிங்கும் பேரிங்கும் மட்டும் புதுசு. அதுல கை வைக்கக் கூடாது. மத்ததெல்லாம் செத்த வண்டிலருந்து எடுக்கலாம்."

மோட்டார் சைக்கிளை விற்றார்கள். லாரியின் இரண்டு ஸ்டெப்னி டயர்களையும் விற்றார்கள். அவள் ஆலையில் இரண்டு மாதச் சம்பளம் முன்பணம் கேட்டு ஒரு மாதத்தை வாங்கினாள்.

பழைய இரும்புக் கடையை நடத்துகிறவளைக் 'கிலோ அக்கா' என்பார்கள். அவளுக்கு உலகத்தில் எல்லாமே எடைதான். உடைத்துப் போட்ட ஒரு பஸ்ஸின் எஞ்சின் அவளிடம் கிடந்தது. அவர்களுடைய லாரியின் எஞ்சினுக்குக் கூடப்பிறப்பு மாதிரி, டர்போ உள்ளது. நத்தைபோலச் சுருண்ட அந்த இரும்பை அண்ணன் கையில் எடுத்து, காத்தாடியை விரலால் சுண்டி, காதோரம் வைத்துக் கேட்டார்.

"ஏழு கிலோ. அதுக்கு இவ்வளவு கொஞ்சலா?" என்றாள் கிலோ அக்கா. "முழு எஞ்சினா எடுத்துக்க. கிராங்க் நல்லா இருக்கு."

முழு எஞ்சினுக்கு வழியில்லை. டர்போவையும் ரேடியேட்டரையும் மட்டும் எடுத்துக்கொண்டார்கள். பழைய கிராங்க்கைக் கடைசல் பட்டறையில் கொடுத்துச் சீவிக்கொள்ளலாம், அது மலிவு என்று கணக்குப் போட்டார்கள்.

வேலை தொடங்கியது. டிரைவர் விடிந்ததும் வந்துவிடுவார். அவள் எடைமேடை வேலை முடிந்து மூன்று மணிக்கு வருவாள். அவளுக்கு வால்வு உரசுகிற வேலை. குச்சியின் நுனியில் ரப்பர்க் கிண்ணம், அதில் வால்வை ஒட்டி, மணல் பசை தடவி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே குச்சியை உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும், வால்வின் விளிம்பும் அதன் உட்காரும் இடமும் ஒரே சாம்பல் வளையமாகும்வரை. பன்னிரண்டு வால்வு. உள்ளங்கைத் தோல் உரிந்தது. துணி சுற்றிக்கொண்டு உருட்டினாள்.

ஆண்கள் இருவரும் ஒரே எஞ்சினின் இரண்டு பக்கமும் நின்று அவள் வழியாகவே பேசினார்கள்.

"உங்க அண்ணன்கிட்ட கேளு, பிஸ்டன் எப்ப வருதாம்."

"உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு, வெள்ளிக்கிழமை வருதாம்."

"வெள்ளிக்கிழமை வந்தா நாள் பத்துமான்னு கேளு."

"பத்தலன்னா அவரையே பிஸ்டனா உள்ள இறக்கிடலாம்னு சொல்லு."

அவள் குச்சியை உருட்டுவதை நிறுத்தவில்லை. "அடுத்த தடவை ரெண்டு பேரும் ஸ்டாம்பு ஒட்டிக் குடுங்க," என்றாள்.

பன்னிரண்டாவது நாள், சீவிய கிராங்க் கடைசல் பட்டறையிலிருந்து திரும்பி வந்தது. வெள்ளிபோல மின்னியது. டிரைவர் அதன்மேல் கை வைத்து நீவினார். இத்தனை நாளில் அவர் முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஓடியது அன்றைக்குத்தான்.

அண்ணன் அவசரப்படவில்லை. கிராங்க் முழுதும் மண்ணெண்ணெய் பூசி அரைமணி நேரம் விட்டார். துடைத்தார். பிறகு சாக்பீஸைப் பொடித்து மேலே தூவினார். எங்காவது விரிசல் இருந்தால் உள்ளே புகுந்த மண்ணெண்ணெய் வெளியே கசிந்து பொடியில் கோடு போட்டுவிடும். அவள் பக்கத்தில் நின்று பார்த்தாள். வெள்ளைப் பொடி சும்மா இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, மூன்றாவது பிஸ்டனுக்குரிய இடத்தின் ஓரத்தில் தலைமுடிபோல மெல்லியதாக ஓர் ஈரக்கோடு தெரிந்தது.

அண்ணன் அதைத் துடைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து செய்தார். கோடு மறுபடி அதே இடத்தில் வந்தது.

"என்னண்ணா?"

"விரிசல்." ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். "இது ஆகாது."

டிரைவர் எஞ்சினுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார். "உங்க அண்ணன்கிட்ட கேளு, இதைப் போட்டா எவ்வளவு நாள் ஓடும்."

"ஆறு மாசம் ஓடலாம். ஆறு நாள் ஓடலாம். டர்போ வேற தள்ளும். ஏத்தத்துல பதினாலு டன்னோட உடைஞ்சா எஞ்சின் பூட்டிக்கும். வண்டி பின்னால உருளும். பின்னால வர்றவனுக்கும் பிள்ளை குட்டி இருக்கும்."

"ஆறு மாசம் போதும்னு சொல்லு. போடச் சொல்லு."

"முடியாதுன்னு சொல்லு."

"கையில ஒத்தக் காசு இல்ல. இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கு. விக்கறதுக்கும் ஒண்ணும் இல்ல. போடச் சொல்லு."

அவள் இருவருக்கும் நடுவே நின்றாள். அப்போதுதான் டிரைவர் அவளைத் தாண்டி நேராக அண்ணனையே பார்த்தார். "போடு," என்றார். "என்ன ஆனாலும் என் தலையில. போடு."

"போட மாட்டேன்," என்றார் அண்ணன், அவரும் நேராக. "இதுவாவது காதுல சரியா விழுந்துச்சா?"

வெளியே சாலையில் ஒரு வண்டி போனது.

"அன்னைக்கும் விழுந்துச்சு," என்றார் டிரைவர்.

அவர் கிராங்க்கைப் பார்த்துக்கொண்டே தொடர்ந்தார்.

"முழுசா விழுந்துச்சு. போடாதேன்னுதான் சொன்னீங்க. சாவி பாதி திரும்பியிருந்துச்சு. நிறுத்தியிருக்கலாம். லோடு பிடிக்கிற அவசரம். கை போனதப் பாத்ததும் வாய்ல பொய் வந்துடுச்சு. அப்புறம் அதை மாத்தத் தெரியல."

அவர் சொல்லி முடித்துவிட்டு எஞ்சினைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒன்பது வருஷமாக, அம்மா வீட்டில் யாராவது பேச்செடுக்கும்போதெல்லாம், "சத்தத்துல சரியாக் கேட்டிருக்காது" என்று அவள்தான் அவருக்காக வாதாடியிருந்தாள்.

அண்ணன் எழுந்தார். சுவரிலிருந்து பூட்டை எடுத்தார். "ரெண்டு பேரும் போங்க," என்றார். அவர்கள் வெளியே வந்ததும் ஷட்டரை இழுத்து மூடினார். எஞ்சின் இருநூறு துண்டாக உள்ளே கிடந்தது.

மறுநாள் அவள் எடைமேடைக்குப் போகவில்லை. பட்டறைக்குப் போனாள். ஷட்டர் இடுப்பளவுக்குத் திறந்திருந்தது. குனிந்து உள்ளே போனாள். அண்ணன் விளக்குப் போடாமல் அதே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"எனக்கு அன்னைக்கே தெரியும்," என்றார். "அவர் முகத்தைப் பாத்தேனே. தெரியாமலா இருக்கும். ஆனா அவர் வாயால ஒரு தடவை கேக்கணும்னு இருந்தேன். கேட்டா மனசு ஆறிடும்னு நினைச்சேன். நேத்து கேட்டேன். வீட்டுக்குப் போய்ப் படுத்தேன். ஒண்ணும் ஆறல. விரலும் முளைக்கல."

அவள் அவர் எதிரில் ஒரு டயரின்மேல் உட்கார்ந்தாள்.

"எங்கள விட்டுடுவியா அண்ணா?"

"விட்டா என்ன செய்வீங்க?"

"தெரியல. வண்டிய எடுத்துட்டுப் போயிடுவாங்க. நான் சம்பளம் வாங்கறேன், ரெண்டு பேர் சாப்பிடலாம். அது இல்ல." அவள் உரிந்த உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "நேத்து இங்கருந்து வந்ததுலருந்து அவர் வாயே திறக்கல. காலைல என்னைக் கூப்பிட்டு, வண்டிக் காகிதமெல்லாம் எங்க இருக்கு, இன்சூரன்ஸ் எங்க இருக்குன்னு ஒவ்வொண்ணா எடுத்துக் காட்டினார். தெரிஞ்சு வச்சுக்கோன்னார். எனக்குப் பயமா இருக்கு. எனக்கு அவர் மேல கோவமா இருக்கு, ஆனா பயம்தான் பெருசா இருக்கு."

அண்ணன் எழுந்து ஷட்டரை முழுதாகத் தூக்கினார். வெளிச்சம் உள்ளே விழுந்தது.

"அவர வரச் சொல்லு. வேலை கெடக்கு. பேச்சு ஒண்ணும் வேண்டாம். நான் கிலோ அக்காவைப் பாத்துட்டு வர்றேன்."

மத்தியானம் அந்தப் பஸ்ஸின் கிராங்க் ஒரு தள்ளுவண்டியில் வந்து இறங்கியது. மேலே துரு. தேய்த்துப் பார்த்தால் அடியில் சுத்தம். மண்ணெண்ணெய் பூசி, பொடி தூவி, மூன்று முறை பார்த்தார்கள். கோடு வரவில்லை. என்ன கொடுத்து வாங்கினாய் என்று அவள் கேட்டதற்கு, "அது எனக்கும் அவளுக்கும் உள்ள கணக்கு," என்று சொல்லிவிட்டுப் பேரிங் பெட்டியைப் பிரித்தார்.

அதற்கப்புறம் ஐந்து நாள் யாரும் நிமிரவில்லை. டிரைவர் ஒவ்வொரு போல்ட்டாகப் பெட்ரோலில் கழுவித் துணியில் வரிசையாக அடுக்கினார். டர்போவுக்கு எண்ணெய் போகும் குழாய் கிடைக்கவில்லை. ஒரு பழைய பிரேக் குழாயை அண்ணன் சூடுகாட்டி வளைத்து அதற்கு ஆக்கினார். பிஸ்டன்கள் ஒவ்வொன்றாக உள்ளே இறங்கின. மூன்றாவது நாள், குனிந்து வேலை செய்துகொண்டிருந்த அண்ணன் தலையைத் தூக்காமலே கையை நீட்டி, "மாப்ள, அந்த இருபத்திநாலு ஸ்பேனர்," என்றார். டிரைவர் எடுத்துக் கொடுத்தார். இரண்டு பேரும் எதையும் கவனிக்காத மாதிரி இருந்துகொண்டார்கள்.

எஞ்சின் முழுசாகச் சேர்ந்தபோது முதல் தேதிக்கு மூன்று நாள் இருந்தது. இனி லாரியில் ஏற்ற வேண்டும். டிரைவர் செயின் பிளாக்கை இழுக்கக் கூரையைப் பார்த்தார். உத்திரத்தில் கொக்கி மட்டும் தொங்கியது. குனிந்தே வேலை செய்ததில் இத்தனை நாளாக ஒருவரும் மேலே பார்த்திருக்கவில்லை.

"கிராங்க்குக்கு அதைத்தான் குடுத்தேன்," என்றார் அண்ணன். "ஒரு நாளைக்கு இரவல் தருவான்னு நினைச்சேன். அவ அன்னைக்கே வெளியூர் ஆளுக்கு வித்துட்டாளாம்."

அது இல்லாமல் அவருக்குப் பிழைப்பு இல்லை என்பது மூன்று பேருக்கும் தெரியும். டிரைவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "இப்ப வேண்டாம்," என்றார் அண்ணன். "பத்துப் பேர் வேணும். தோள்ல தூக்கி வச்சுடலாம்."

அவளுக்குப் பத்துப் பேரைத் தெரியும். தினமும் அவளுடைய ஜன்னலைத் தாண்டிப் போகிறவர்கள். ஆனால் அத்தனை பேரும் அதே பட்டியலில் இடத்துக்காக நிற்கிறவர்கள். மறுநாள் காலை ஒவ்வொரு லாரியாக மேடையில் ஏறும்போது ரசீதை நீட்டிக்கொண்டே கேட்டாள். "மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல, ஒரு மணிக்கு எங்க அண்ணன் பட்டறைல எஞ்சின் தூக்கணும். ஒரு தோள் குடுங்க."

"ஒரு வண்டி கம்மியானா எங்களுக்கு நல்லதுதானே அண்ணி," என்றார் ஒருவர், வேடிக்கையாக. பாதி வேடிக்கைதான்.

"நல்லதுதான்," என்றாள். "வராதீங்கன்னு சொல்லத்தான் எனக்கு மனசு இல்ல."

சிலர் பார்க்கலாம் என்றார்கள். சிலர் ரசீதை வாங்கிக்கொண்டு ஜன்னலை ஏற்றினார்கள். ஒரு மணிக்கு நான்கு பேர் வந்தார்கள். அதில் அந்த வேடிக்கைக்காரரும் ஒருவர். ஒன்றே காலுக்குக் கிலோ அக்கா தன் கடை ஆளோடு வந்து, "செயின் பிளாக்குக்கு வேலை இருக்குன்னு முன்னாலயே சொல்லித் தொலைச்சிருந்தா வித்திருக்க மாட்டேன்ல," என்று புடவையை வரிந்து கட்டினாள். வந்தவர்கள் ஆறு. மாப்பிள்ளையும் அவளும் சேர்ந்தால் எட்டு. அண்ணன் தூக்க முடியாது. எஞ்சின் கியர்பாக்ஸ் தண்டோடு சரியாகப் பொருந்துகிறதா என்று அவர் அடியில் இருந்து பார்க்க வேண்டும்.

லாரியின் முன்சக்கரங்களைக் கழற்றி, அச்சைக் கட்டைமேல் வைத்து, வண்டியை முடிந்தவரை தாழ்த்தியிருந்தார்கள். எஞ்சினைச் சுற்றிச் சங்கிலி போட்டு அதன் நடுவே இரண்டு இரும்புக் குழாய். குழாயின் ஒவ்வொரு முனைக்கும் இரண்டு பேர்.

"பேச்சே கிடையாது," என்றார் அண்ணன். "யாரும் வாயைத் திறக்கக் கூடாது, நானும் திறக்க மாட்டேன். விசில் அடிச்சா இறக்குங்க. விசில் வரலன்னா செத்தாலும் இறக்கக் கூடாது."

டிரைவர் கீழே பார்த்துக்கொண்டு தலையாட்டினார்.

தூக்கினார்கள். குழாய் தோளில் இறங்கியபோது அவளுக்குக் கண்முன் கறுத்தது. ஓரடி, இன்னும் ஓரடி. எஞ்சின் ஆடியது, ஆடுகிறபோதெல்லாம் அரை டன்னும் ஒருவர் தோளுக்கே வந்து போனது. அண்ணன் அடியில் படுத்து உள்ளே கையை விட்டார். தண்டு பொருந்தவில்லை. பட்டறையில் எட்டுப் பேர் மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது. கிலோ அக்காவின் ஆளுக்குக் கால் வழுக்கி ஒரு முழங்கால் மடிந்தது. அந்தப் பக்கம் முழுதும் சாய, டிரைவர் குழாயின் அடியில் புகுந்து முதுகைக் கொடுத்தார். அவர் கழுத்து நரம்பு புடைத்து, முகம் கறுத்து, வாயோரம் எச்சில் வழிந்தது. அவர் இறக்கவில்லை. அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த மனுஷன் இங்கேயே செத்துவிடுவார் என்று நினைத்தாள். அடியிலிருந்து உலோகம் உலோகத்துக்குள் சறுக்கும் ஒரு சத்தம் வந்தது. பிறகு கை வெளியே வந்தது. பிறகு விசில்.

இறக்கிவிட்டு எல்லோரும் நின்ற இடத்திலேயே உட்கார்ந்தார்கள். "ஐநூத்திருபது கிலோ இருக்கும்," என்றாள் கிலோ அக்கா மூச்சு வாங்கிக்கொண்டே. "ஒரு கிலோ கூட, குறைச்சல் இல்லாம."

மாதத்தின் கடைசி நாள் காலை லாரி எடைமேடையில் ஏறியது. பதினான்கு டன். ரசீதை நீட்டினாள். கணவன் வாங்கிக்கொண்டார். பக்கத்து இருக்கையில் அண்ணன், இரண்டு இருக்கைக்கும் நடுவே இருந்த எஞ்சின் மூடியின் பக்கம் காதைச் சாய்த்தபடி. மூன்று நாளாக அவர் சரியாகத் தூங்கியிருக்கவில்லை. அடிவாரத்தில் கான்ட்ராக்டரின் ஆள் நேரத்தைக் குறித்துக்கொண்டு கையசைத்தான்.

ஏற்றத்தில் எஞ்சின் புதிதாக ஒரு சீழ்க்கைச் சத்தத்தோடு இழுத்தது. எப்போதும் முதல் கியருக்கு இறங்குகிற வளைவில் மூன்றாவது கியரிலேயே திரும்பியது. முள் முக்கால்வரை ஏறி அங்கேயே நின்றது. இரண்டு பேரும் முள்ளையே பார்த்தார்கள். ஏழாவது கிலோமீட்டரில் எண்ணெய் கருகுகிற நாற்றம் வந்தது. அண்ணன் எஞ்சின் மூடியைத் தூக்கினார். பிரேக் குழாயிலிருந்து செய்த அந்தக் குழாயின் இணைப்பில் வாஷர் பிதுங்கி, எண்ணெய் பீய்ச்சிக்கொண்டிருந்தது.

"நிறுத்தவா?" என்றார் டிரைவர். ஆக்சிலரேட்டரிலிருந்து கால் ஏற்கெனவே பாதி விலகியிருந்தது.

"நிறுத்தாத. நான் சொல்றேன், நிறுத்தாத. ஓட்டு."

அண்ணன் சாக்குத் துணியை நாலாக மடித்து, இணைப்பைச் சுற்றி இடது கையால் இறுக்கிப் பிடித்தார். மிச்சமிருந்த மூன்று விரலால். சாக்கு புகைந்தது. வலது கையால் இருக்கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு கிலோமீட்டரும் அப்படியே வந்தார். டிரைவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் காலை எடுத்துவிடுவோம் என்று அவருக்குத் தெரியும். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவும் கை எடுக்கவில்லை.

எடைமேடையில் அவள் கைப்பேசியை ரசீதுக் கட்டின் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை பார்த்தாள். அவர்கள் போய் ஒன்றரை மணி நேரத்துக்குப் பிறகுதான் அது அடித்தது. மேடையில் ஒரு லாரி நின்றிருந்தது.

"முப்பத்தெட்டு நிமிஷம்," என்றார் கணவன். "பேர் எழுதிட்டாங்க. பட்டியல்ல கடைசி."

"அண்ணன்?" என்றாள்.

"கை வெந்து போச்சு. இங்க மருந்து வச்சுக் கட்டிட்டாங்க. அப்புறம் வாஷர மாத்தி, எஞ்சின ஓடவிட்டு, ஒழுகுதான்னு பாத்துக்கிட்டே இருந்தார். பாத்துக்கிட்டே தூங்கிட்டார்." குரலைத் தாழ்த்தினார். "ரெண்டு மாச நடைல முதல்ல செயின் பிளாக் வாங்கணும். பெருசா. அவர்கிட்ட இப்ப சொல்லாத."

கைப்பேசியில் எஞ்சின் ஓடுகிற சத்தம் கேட்டது.

"ஜல்லி இறக்கிட்டீங்களா?"

"எப்பவோ."

"பின்ன ஏன் இன்னும் ஓடுது? டீசல் என்ன தண்ணியா?"

"அணைச்சா முழிச்சுக்குவார்," என்றார் அவர்.

மேடையில் நின்ற லாரிக்காரர் ஹாரனை ஒரு தட்டுத் தட்டினார். அவள் கைப்பேசியை வைக்காமல் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, எடையைத் தட்டினாள்.